டேங்க்கு ஒழுகுதான்னு பாருங்க, தம்பி

இரும்பு ஏணியின் ஏழாவது படியில் நின்றுகொண்டிருக்கிறேன். எட்டாவது படி கிடையாது. துருப்பிடித்து எப்போதோ விழுந்துவிட்டதாம். இதை ஏறுவதற்கு முன்பு யாரும் சொல்லவில்லை.

ஒரு கை ஏணியில். இன்னொரு கை கறுப்புத் தண்ணீர் டேங்க்கின் வயிற்றில். ஆடி மாசத்துக் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. வேட்டியையும் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் விமானம். அவனியாபுரத்தில் விமானம் தாழ்வாகத்தான் போகும், சக்கரம் தெரியும். அன்றைக்கு எனக்கு உள்ளே சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் சிரித்ததே தெரிந்தது.

டேங்க்கைச் சுற்றி ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி பேனர். வெயில் குடித்துச் சிவப்பெல்லாம் போய், அதில் இருந்த பெரியவர் முழுக்க நீலமாகியிருந்தார். மீசையும் நீலம்.

பெயர்கள் கீழே இருந்தன. மனைவி பஞ்சவர்ணம். மகன்கள் தவமணி, ராமர். அதற்கடுத்து ஒரு பச்சை ஸ்டிக்கர். மூன்று மூலை பிய்ந்து, ஒரே மூலையில் தொங்கிப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

காற்று ஒரு தூக்குத் தூக்கியது. ஸ்டிக்கருக்குக் கீழே எழுத்து. "மகள்: ஈஸ்வரி."

மறுபடி மூடிக்கொண்டது.

டேங்க்கில் இருந்த கையையும் ஏணிக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பெரியவருக்கு மகளே கிடையாது என்றுதான் என் பையில் இருந்த காகிதம் அத்தனையும் சொன்னது. அந்த வீட்டுக்குத்தான் நான் அச்சாரம் கொடுத்திருந்தேன்.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் வீரம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சாம்பிள்.

வாலிபத்தில் இதே அவனியாபுரத்துக்குப் பொங்கலன்று மாடு பிடிப்பதைப் பார்க்கப் போனேன். வாடிவாசலில் இருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு காளை நின்றது. கட்டிப்போட்டிருந்த காளை. புல் தின்றுகொண்டிருந்த காளை. அது என்னைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான், பக்கத்துக் காம்பவுண்டு சுவரில் ஏறிவிட்டேன். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போன பிறகும் இறங்கவில்லை. இறங்கப் பயம். சுவருக்கு உள்ளே இருந்த நாயைப் பார்த்துப் பயம்.

அப்படிப்பட்டவன் வீடு வாங்கப் போனேன்.

நாகமலை புதுக்கோட்டையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் ஆராய்ச்சிப் புத்தகத்துக்கு பைண்டிங் போடுவதுதான் பிழைப்பு. இடையிடையே பத்திர நகல் எடுக்க ஆட்கள் வருவார்கள். இருபது வருசத்தில் ஆயிரக்கணக்கான பத்திரங்களை இந்தக் கையால் புரட்டியிருக்கிறேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஓரம் வெட்டுப்படாமல் விழுகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

வீட்டைக் கண்டுபிடித்தவன் என் மனைவி சாந்தியின் தம்பி மலைச்சாமி. "மச்சான், கிழக்கு பார்த்த வீடு. கீழ ரெண்டு ரூம்பு, மேல மொட்டை மாடி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தனித்தனியாப் போறாக, அதான் விக்கிறாக. விட்டா வேற ஆளு கொத்திக்கிட்டுப் போயிருவான்" என்றான்.

"மாப்ள, வக்கீல்கிட்டக் காட்டிட்டு..."

"காட்டலாம் மச்சான். ஆனா நாளை மறுநாள் ஆடி பொறக்குது. ஆடியில எவன் அச்சாரம் கொடுப்பான்? ஆவணி வரைக்கும் அவுக காத்திருப்பாகளா?"

இதுதான் எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. வக்கீலைப் பார்ப்பதற்கு நேரம் காலம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே பார்க்க மாட்டோம். அச்சாரத்துக்கு நாள் பார்க்கணும். ஆகவே உடனே கொடுத்துவிடுவோம்.

ஆனி மாசக் கடைசி நாள், ராகு காலம் கழித்து, வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். முத்திரைத்தாளில் ஒப்பந்தம். மூன்று மாதத்துக்குள் கிரயம். நான் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு. கையெழுத்துப் போட்ட கையோடு போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். ஐம்பத்திரண்டு பேர் கட்டை விரல் காட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் வக்கீல்.

பிறந்த பிள்ளை வில்லங்கத்தில் வராது

வக்கீலம்மாவுக்கு என் வயது இருக்கும். அவித்த கடலையை உரித்துத் தின்றுகொண்டே பத்திரம் படிப்பார். கடலை உரிப்பது நின்றால் விவகாரம் என்று அர்த்தம். அது எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

நான் கர்வத்தோடு ஃபைலை நீட்டினேன். ஸ்பைரல் பைண்டிங், மேலே கண்ணாடித் தாள், கீழே நீல அட்டை.

"தீசிஸ் மாதிரி இருக்கே" என்றார்.

தாய்ப்பத்திரம் பார்த்தார். விற்கிற அண்ணன் தம்பியின் அப்பா சோணைமுத்து சொந்தச் சம்பாத்தியத்தில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். சரி. பட்டா பார்த்தார். சரி. முப்பது வருச வில்லங்கச் சான்று பார்த்தார். அடமானம் இல்லை, வழக்கு இல்லை. சரி. கடலை உரிந்துகொண்டே இருந்தது. நான் மனசுக்குள் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாரிசுச் சான்றிதழ் வந்ததும் கடலை நின்றது.

"இவர் உயில் எழுதலையா?"

"இல்லம்மா. அவருக்கு மூணே வாரிசு. அந்தம்மா, ரெண்டு பையங்க."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"அதுலயே போட்டிருக்கேம்மா."

"விண்ணப்பத்துல என்ன பேர் கொடுக்கிறாங்களோ, விசாரணையில அக்கம்பக்கத்துல என்ன சொல்றாங்களோ, அதுதான் இதுல வரும். பொம்பளப் பிள்ளை இருந்தாலும், கட்டிக் கொடுத்தாச்சு, செய்ய வேண்டியது செஞ்சாச்சுன்னு பேரை விட்டுர்ற குடும்பம் நம்ம பக்கம் நிறைய."

"வில்லங்கச் சான்றுல வந்திருக்குமேம்மா?"

வக்கீலம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "பதிவு ஆபீஸ்ல பதிஞ்சது மட்டும்தாங்க அதுல வரும். வீட்டுல பொறந்த பிள்ளையெல்லாம் வராது."

பிறகு இன்னொரு கடலையை எடுத்தார். "அவர் செத்தப்ப ஒட்டுன போஸ்டர் எதுவும் கிடைக்குமான்னு பாருங்க."

"போஸ்டரா?"

"தாசில்தாருக்குச் சொல்லாததை நம்ம ஊர்க்காரங்க சுவத்துல ஒட்டியிருப்பாங்க. காதுகுத்து, சடங்கு, சாவு, எதுன்னாலும் ஒரு பேர் விட்டுப்போனா வீட்டுல சண்டை வந்துரும். நான் சர்வேயரை நம்புறதைவிட ஃப்ளெக்ஸ் கடைக்காரரைத்தான் அதிகம் நம்புவேன்."

மதுரைக்காரர்கள் யோசித்துப் பாருங்கள். உண்மைதானே.

ஏணி

மறுநாள், "ரூம்பை அளக்கணும்" என்று ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அளக்கத் தெரியாது. மூத்தவர் தவமணி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் மறு முனையில் நின்று, "அப்பாவுக்குப் போஸ்டரெல்லாம் பெருசா அடிச்சிருப்பீகளே?" என்று கேட்டேன். துப்பறிவதில் இதுதான் என் லட்சணம்.

டேப் என் கையில் இருந்து சுருட்டிக்கொண்டு போய் அவர் கட்டை விரலில் அடித்தது.

"அதெல்லாம் எட்டு வருசமாச்சு. எதுக்குக் கேக்குறீக?"

"சும்மாண்ணே. எங்க கடையில... நாங்களும்... பேப்பர்... சும்மா."

வேர்த்துவிட்டது. சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பஞ்சவர்ணம் அம்மா தலை நிமிராமல் சொன்னார்: "தம்பி, மேல போயி டேங்க்கு ஒழுகுதான்னு பாருங்க. வாங்குறவுக பாக்கணும்ல."

"டேங்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ சும்மா இருத்தா" என்றார் தவமணி.

"பின்பக்கமா போயிப் பாருங்க தம்பி. முன்னால இருந்து பாத்தாத் தெரியாது."

எனக்கு ஏணி என்றால் பயம். ஆனால் ஒழுகும் டேங்க் என்றால் அதைவிடப் பயம். டேங்க் ஒழுகினால் தளம் ஊறும், தளம் ஊறினால் கம்பி துருப்பிடிக்கும், கம்பி துருப்பிடித்தால் தூங்கும்போது கூரை விழும், சாந்தி அந்தப் பக்கம் உருண்டு தப்பித்துக்கொள்வாள், எனக்குத்தான் தூக்கம் ஆழம். இவ்வளவையும் மாடிப்படியிலேயே யோசித்து முடித்து ஏணியில் கால் வைத்தேன்.

அப்புறம் நடந்ததுதான் முதலில் சொன்னது. ஸ்டிக்கர் மறுபடி தூக்கும்வரை காத்திருந்து, பல்லால் வேட்டியைக் கடித்துக்கொண்டு, செல்போனில் படம் எடுத்தேன். மூன்று படம். இரண்டில் என் கட்டை விரல்தான் விழுந்திருந்தது.

டேங்க் ஒழுகவில்லை.

முக்கால் வீடு

படத்தைப் பார்த்த வக்கீலம்மா கடலைப் பொட்டலத்தையே மடித்து வைத்துவிட்டார்.

"அப்பா உயில் எழுதாமப் போயிட்டா அம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் சமமான பங்கு. மகனும் மகளும் ஒண்ணுதான். இங்க நாலு பேர். மூணு பேர் கையெழுத்துப் போட்டு வித்தா, அந்த மூணு பேர் பங்குதான் உங்களுக்கு வரும்."

"அப்ப முக்கால் வீடும்மா."

"ஆமா."

"எந்தக் காலு வராதும்மா? அடுப்படியா?"

"அதைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு செங்கல்லயும் அந்தப் பொண்ணுக்குக் கால் பங்கு."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. கண்ணை மூடினால், பால் காய்ச்சும்போது ஒரு பெண் உள்ளே வந்து கால் டம்ளர் கேட்பதுபோல இருக்கும்.

மலைச்சாமி கவலையே படவில்லை. "தானாப் பாத்துக் கட்டிக்கிட்டுப் போனவளாம் மச்சான். எட்டு வருசமா வாசப்படி மிதிக்கலை. இனிமேயா வரப்போறா? கம்முனு கிரயம் முடிப்போம்."

சாந்தி குழம்புக் கரண்டியோடு திரும்பினாள். "ஏன்டா, நானும் வந்து இருபத்தி மூணு வருசமாச்சு. அப்பா வீட்டுல எனக்குப் பங்கு இருக்கா இல்லையா?"

மலைச்சாமி அவசரமாக யாருக்கோ போன் செய்ய வேண்டும் என்று வெளியே போனான்.

பின்வாங்கலாமா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். "வாரிசை மறைச்சதுக்காக அச்சாரத்தைத் திருப்பிக் கேக்கலாம். கேக்கலாம்னுதான் சொல்றேன். கிடைக்கும்னு சொல்லலை." பிறகு, "அந்தப் பொண்ணைப் பாருங்க. அதுதான் குறுக்கு வழியில்லாத வழி" என்றார்.

ஆறு கிலோ மாவு

விசாரித்ததில் ஈஸ்வரி வண்டியூரில், தெப்பக்குளத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் இட்லி மாவுக் கடை வைத்திருப்பது தெரிந்தது. கடைக்கு முன்னால் பஸ்ஸில் போய் இறங்கினேன். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உளுந்து வாசனை. முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் மணிக்கட்டு வரை மாவு.

"எம்புட்டுண்ணே?"

"ரெண்டு கிலோ" என்றேன்.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் முறையும் ரெண்டு கிலோ. அதே வாரத்தில் மூன்றாம் முறையும் அதேதான். எங்கள் வீட்டில் காலையில் இட்லி, மத்தியானம் ஊத்தப்பம், ராத்திரி பணியாரம். சாந்தி, "அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடுறதுக்குள்ள நாம புளிச்சுப் பொங்கிருவோம்" என்றாள்.

மூன்றாம் முறை ஈஸ்வரி மாவைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க வீட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

"ரெண்டு பேருக்கு வாரம் ஆறு கிலோ மாவா? நீங்க மாவுக்கு வரலை. யாரு அனுப்புனா? எங்க அண்ணனா?"

மாட்டிக்கொண்டேன். வீடு, அச்சாரம், ஆடி, கடலை, ஏணி என்று வரிசை இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மாவுப் பையை என் கையில் திணித்துவிட்டு கிரைண்டரை நிறுத்தினார். முகம் இறுகிவிட்டது.

"விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்க வந்தீகளா? எனக்கு ஒண்ணும் வேணாம்னு எழுதிக் கொடுக்கணும், அதானே?"

"அதெல்லாம் இல்லம்மா" என்று போனை நீட்டினேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். துடைத்த பிறகும் திரையில் மாவு ஒட்டியது. படத்தைப் பெரிதாக்கினார். நீல மீசையிடம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கீழே நகர்த்தினார்.

"இது எங்க இருந்துச்சு?"

"டேங்க்கு மேலம்மா."

"அன்னைக்கு நான் போனேண்ணே. உள்ள விடலை. தெருமுனையிலயே நின்னு இந்த ஃப்ளெக்ஸைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லார் பேரும் இருந்துச்சு. அடியில மட்டும் பச்சையா ஒரு பட்டை. டிசைன்னு நினைச்சேன்." விரல் அந்த எழுத்தின் மேலேயே இருந்தது. "அடிக்கக் கொடுத்தது எங்கம்மாதான். அவுகதான் என் பேரைச் சொல்லியிருக்கணும். எனக்கு இத்தன வருசமாத் தெரியலை."

பிடித்த பிடியில் என் மாவுப் பை முடிச்சு அவிழ்ந்து கொஞ்சம் காலில் ஊற்றியது. நான் அசையவில்லை.

"வாரேன்ணே" என்றார் ஈஸ்வரி. "ஆனா விடுதலைப் பத்திரம்னா எந்திரிச்சு வந்துருவேன். விக்கிறவுக வரிசையில எழுதணும். சோணைமுத்து மகள் ஈஸ்வரின்னு. என் பங்கு என் கணக்குல வரணும்."

நாலாவது கையெழுத்து

வக்கீலம்மா அண்ணன் தம்பியைக் கூப்பிட்டுப் பேசியதைத் தனித் தொடராகவே எழுதலாம். தவமணி மேசையைத் தட்டினார். "எவன் சொன்னது ஒனக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் மேசைக்கு அடியில் விழாத பேனாவைத் தேடினேன்.

வக்கீலம்மா குரலை உயர்த்தவே இல்லை. "இவர் வாங்கலைன்னா அடுத்தவர் வருவார். அவரும் ஒரு வக்கீல்கிட்டப் போவார். தங்கச்சி இல்லாம இந்த வீட்டை வாங்க எந்த வக்கீலும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. கூட, சான்றிதழ்ல பேரை மறைச்சதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

தம்பி ராமர் மெதுவாக, "அண்ணே, நாளைக்கு நம்ம பிள்ளைகளையும் கோர்ட்டுக்கு இழுக்கும்ணே" என்றார். தவமணி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எழுதுங்க" என்றார்.

நாலு பேர் பெயரோடு வாரிசுச் சான்றிதழைத் திரும்ப வாங்குவதற்குள் ஆடி முடிந்து ஆவணியும் பாதி போனது. நான் எடை குறைந்தேன். மாவு மட்டும் குறையவில்லை. ஈஸ்வரி இப்போது காசு வாங்காமல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கிரயத்தன்று பதிவு ஆபீஸில் கல்யாண மண்டபக் கூட்டம். டோக்கன், ஆதார் நகல், ஒட்டுவதற்குப் பசை, ஆளுக்கொரு பதற்றம். நகல் எல்லாம் என் கடையில் எடுத்தது, கேட்டது நான்கு செட். பயத்தில் ஏழு செட் எடுத்திருந்தேன்.

பெஞ்சில் பஞ்சவர்ணம் அம்மா உட்கார்ந்திருந்தார். ஈஸ்வரி வந்து நின்றார். அம்மா கொஞ்சம் நகர்ந்தார். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும். ஈஸ்வரி உட்கார்ந்தார். தவமணி தூணைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

எங்கள் டோக்கன் வந்தது. ஒவ்வொருவராகப் போட்டோ, கைரேகை. ஈஸ்வரியின் விரலை மிஷின் எடுக்கவில்லை. மாவில் ஊறி ஊறி ரேகை தேய்ந்திருந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு உளுந்தினாலா போகும்? துடைத்துத் துடைத்து நாலாவது விரலில் பச்சை விளக்கு எரிந்தது. நான் விட்ட மூச்சில் பக்கத்து மேசைக்காரரின் பேப்பர் பறந்தது.

அதிகாரி பத்திரத்தைப் பார்த்துக் கேட்டார். "நீங்க சோணைமுத்துக்கு என்ன வேணும்?"

"மக" என்றார் ஈஸ்வரி. அந்தக் கூட்டத்துக்கு அது கொஞ்சம் அதிகச் சத்தம்தான்.

வெளியே வேப்பமரத்தடியில், சாவிக் கொத்தை என் கையில் கொடுக்கும்போது பஞ்சவர்ணம் அம்மா கேட்டார்.

"டேங்க்கு ஒழுகுதா தம்பி?"

"ஒழுகலைம்மா."

"தெரியும். ஒழுகாது." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "தண்ணி சுடுது, அந்த ஃப்ளெக்ஸைப் போட்டு மூடுங்கடான்னு நாந்தான் சொன்னேன். இல்லாட்டி குப்பையில போட்டிருப்பாங்கெ. எழுத்து வெளியில தெரியிற மாதிரிக் கட்டச் சொன்னேன். ரெண்டு ஆடி அடிச்சா அவங்கெ ஒட்டுன அந்தப் பச்சை பிச்சுக்கிரும்னு பாத்தேன். எனக்கு முட்டி மடங்காது, ஏறிப் பாக்க முடியலை."

எனக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது. "வீடு பார்க்க வந்தவுக எல்லார்கிட்டயும் டேங்க்கைப் பாக்கச் சொன்னீகளாம்மா?"

"சொன்னேன். உங்களுக்கு முன்னால நாலு பேரு வந்தாக. எல்லாரும் தைரியசாலிக. கீழ நின்னே, நல்லாத்தான்மா இருக்குன்னுட்டுப் போயிட்டாக."

என்னை மேலும் கீழுமாகப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க ஒருத்தர்தான் தம்பி பயந்துபோயி ஏறுனீக."